மலாக்கா கோயிலுக்கு நிலம் கிடைத்தது. நம் தோட்டத்துக் கோயிலுக்கு?

பள்ளி விடுமுறை விட்டால் மாசாயிலிருந்து மலாக்காவுக்குப் போய்வரும் நம்மவர் குடும்பங்கள் ஏராளம். செண்டோல் சாப்பிட்டுவிட்டு ஜாலான் துக்காங் அமாஸ் பக்கமும் நடந்து பார்ப்பார்கள். அங்கே ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில் இருக்கிறது. கொஞ்சம் நடந்தால் கம்போங் கிலிங் பள்ளிவாசல், அதையும் தாண்டினால் செங் ஹூன் தெங் சீனக் கோயில். யுனெஸ்கோ 2008இல் மலாக்காவையும் ஜார்ஜ்டவுனையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, பல சமயத்தவர் சேர்ந்து வாழ்ந்த இந்த மரபையும் ஒரு காரணமாகச் சொன்னது.

இவை எப்படி அடுத்தடுத்து அமைந்தன? வியாபாரம்தான் காரணம். பாய்மரக் கப்பலில் வந்தவர்கள் காற்று திசை மாறும்வரை மாதக்கணக்கில் துறைமுகத்தில் தங்கவேண்டும். தங்கிய இடம் குடியிருப்பானது, குடியிருப்பில் வழிபாட்டு இடமும் வந்தது.

1641இல் போர்த்துகீசியரிடமிருந்து மலாக்காவைப் பிடித்த டச்சுக்காரர்கள் முதலில் கத்தோலிக்கர்களை நெருக்கினார்கள். பின்னர் பிடி தளர்ந்தது. 1710இல் செயிண்ட் பீட்டர் தேவாலயம் எழுந்தது. 1748இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் பள்ளிவாசல் கட்டினார்கள். அதன் கோபுரம் சீனப் பகோடாபோல் இருக்கும். (இன்று நம்மைப் புண்படுத்தும் 'கிலிங்' என்ற சொல் அன்று தென்னிந்திய வணிகர்களைக் குறித்த சாதாரணப் பெயர்தான்.) 1781இல் மலாக்கா செட்டிகளின் தலைவர் தெய்வநாயகம் செட்டி விநாயகர் கோயிலை எழுப்பினார். நிலம் கொடுத்தது டச்சு அரசு.

இங்கேதான் நாம் கவனிக்கவேண்டும். மலாக்கா செட்டிகள் வீட்டில் பேசுவது மலாய். தமிழ் அவர்களிடமிருந்து என்றோ போய்விட்டது. ஆனால் கோயில் போகவில்லை. 1962இல் நிர்வாகத்தை நகரத்தார் செட்டியார்களிடம் ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தார்கள். மாசி மகத்துக்கு இன்றும் அங்கிருந்து முருகன் ரதத்தில் செங் சன்னாசிமலைக்குப் புறப்படுகிறார். பக்தி இருந்தது, சரி. கூடவே காலடியில் நிலமும் இருந்தது.

நம் கதை வேறு. தோட்டத்து மாரியம்மனுக்கும் முனீஸ்வரருக்கும் பெரும்பாலும் துரையின் வாய்ச்சொல்தான் அனுமதி. நிலம் கம்பெனியுடையது. மாசாய், பிளந்தோங் வட்டாரத்தில் ரப்பரும் செம்பனையும் நின்ற இடங்களில் இன்று தாமான்கள். தோட்டம் கைமாறும்போது, லயத்தோடு கோயிலும் 'பிறர் நிலத்தில் உள்ள கட்டடம்' ஆகிவிடுகிறது. பட்டணமும் விதிவிலக்கல்ல. கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா பகுதியில் நூறாண்டைக் கடந்த தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் கோயில் நின்ற நிலம் 2014இல் தனியார் நிறுவனத்துக்கு விற்கப்பட்டிருந்தது. 2025இல் கோயில் அருகிலேயே வேறிடம் மாற இணங்கவேண்டி வந்தது.

ஜொகூரில் நல்ல உதாரணமும் உண்டு. தெப்ராவ் ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலின் நிலம் ஜொகூர் சுல்தான் வழங்கியது. 1922இல் சின்னக் குடிலாக இருந்த இடம் இன்று சுற்றுப்பயணிகள் தேடிவரும் தலம்.

ஆலய நிர்வாகங்கள் கும்பாபிஷேகத்துக்கு வசூல் தொடங்குமுன் ஒரு வேலை செய்யலாம். கோயில் நிற்கும் இடத்தின் லாட் எண்ணைக் கண்டுபிடித்து, நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி அதிகாரப்பூர்வப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். உரிமையாளர் யார், நிலம் எந்தப் பயன்பாட்டுக்கு என்பது அதில் இருக்கும். உரிமையாளர் பெயர் மேம்பாட்டு நிறுவனமாக இருந்தால், இயந்திரம் வந்து நிற்கும்வரை காத்திராமல் பேச்சை இப்போதே தொடங்கவேண்டும். பேசுவதை எழுத்தில் வாங்கவேண்டும்.