உவகையும் பெருமிதமும்: இன்பக் கோட்பாடு பற்றிய ஒரு குறிப்பு

வெற்றியே மகிழ்ச்சி என்னும் சமன்பாடு நம் காலத்தில் ஏறத்தாழ ஓர் இயற்கை விதிபோல ஏற்றுக்கொள்ளப்படுகின்றது. மகிழ்ச்சி தனிமனிதனின் உளப்பாங்கைப் பொறுத்தது என்றும், அதனை அடையாதார் முயலாதாரே என்றும் கூறும் சுயமுன்னேற்ற நூல்கள் இதன்மீதே எழுப்பப்பட்டவை. இச்சமன்பாடு வரலாற்றால் ஆக்கப்பெற்றது என்பதைக் காணத் தமிழ் மாணவர் தொலைவு செல்லவேண்டியதில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலை இந்நோக்கிற் படித்தாற் போதும்.

எட்டு மெய்ப்பாடுகளுள் உவகையும் பெருமிதமும் வெவ்வேறானவை. செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு ஆகிய நான்கும் உவகையின் நிலைக்களன்கள். கல்வி, தறுகண், இசைமை, கொடை ஆகியன பெருமிதத்துக்குரியன. இன்று வெற்றியின் அடையாளமாகக் கொள்ளப்படும் புகழ் உவகையின் பட்டியலில் இல்லை. பிறர் மதிப்பில் உயர்தல் வேறு, இன்புறுதல் வேறு என்ற தெளிவு அங்குண்டு. இரண்டும் ஒன்றாக்கப்பட்டமை, போட்டியைத் தன் இயக்கவிதியாகக் கொண்ட முதலாளித்துவ சமுதாயத்தின் தேவையிலிருந்து எழுந்ததென்பதே எமது கருத்து.

உவகைக்குச் செல்வத்தை முதலில் வைக்கும் அவ்வியல், அழுகையின் நிலைக்களன்களுள் ஒன்றாக வறுமையைச் சுட்டுகின்றது. உணர்ச்சிக்குப் பொருளியல் அடிப்படை உண்டென்பதை மறைக்கவேண்டிய நிர்ப்பந்தம் அந்நூலாருக்கு இருக்கவில்லை.

எனினும் இதனைப் பொற்காலத்துக்குச் சான்றாகக் கொள்வார்க்கு ஒரு தடையுண்டு. (பழம்பெருமை பேசுவோர் அதனை எளிதிற் கடந்துவிடுவர்.) அகத்திணையியல் அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்துகின்றது. உரையாசிரியர் விளையாட்டுக்குக் காட்டும் ஆறும் குளமும் சோலையும் ஓய்வுடையார்க்கே வாய்ப்பன. எனவே பொதுவானதுபோலத் தோன்றும் உவகை, உண்மையில் ஒரு வர்க்கத்தின் உவகையேயாகும்.

நான்கு களன்களுள் உழைப்பு இல்லை என்பதும் தற்செயலன்று. தொழிலாளி வேலைக்கு வெளியிலேயே தன்னைத் தானாக உணர்கின்றான் என்று மார்க்ஸ் 1844 ஆம் ஆண்டுக் கையெழுத்துப்படிகளில் விளக்கினார். கூலியுழைப்புக்குரிய அந்நியமாதலைப் பண்டைச் சமூகத்தின்மீது அப்படியே ஏற்றுதல் பிழை. ஆயினும் செய்வோனும் துய்ப்போனும் பிரிந்துவிட்டமை அப்பட்டியலிலேயே தெரிகின்றது. உழைப்போரின் உவகையை இலக்கண நூல்களிலன்றி, வாய்மொழி மரபிலேயே தேடவேண்டும். மட்டக்களப்பு வயல்களிற் சூடுமிதிக்கையில் மாடுகளை ஓட்டியவர் பாடிய பொலிப்பாட்டு, வேலையினிடையே பிறந்த களிப்பாகும். ஆனால் மிதித்தெடுத்த பொலியின் பெரும்பகுதி போடியாரின் களஞ்சியத்துக்கே சென்றது.