பெத்தாவின் பம்ப்

மண்டூரில் வேளாண்மை வெட்டுத் தொடங்கியதை எங்கள் வீட்டில் முதலில் அறிவது பெத்தாவின், அதாவது என் பாட்டியின், நெஞ்சுதான். வயல் வட்டைக்குள் வெட்டு மெசின் இறங்கித் தூசு கிளம்பிய அன்றிரவே முட்டு, அதுதான் ஆஸ்துமா, வந்துவிடும். படுக்க முடியாமல், தலையணையை மடியில் வைத்து, இரண்டு கைகளையும் அதில் ஊன்றிக் குனிந்திருப்பார். விசில் சத்தம் மூச்சை விடும்போதுதான் கூடக் கேட்கும். சுவாசக் குழாய்கள் சுருங்கிக் கிடப்பதால், இந்த வருத்தத்தில் உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் பெரும்பாடு.

நீலப் பம்ப், அதாவது இன்ஹேலர், கையில் இருந்தது. இரண்டு வருடமாக அடித்தும் வந்தார். “இது எனக்கு ஒத்துவரல்ல மனே, ஆஸ்பத்திரியில புகை பிடிச்சாத்தான் சரியாகுது” என்பது அவருடைய தீர்ப்பு. புகை என்றது நெபுலைசரை. ஒருநாள் கண்ணாடிக்கு முன்னால் இருத்தி அடிக்கச் சொன்னேன். வாயோரத்தாலும் மூக்காலும் வெள்ளையாக மருந்து வெளியே வந்தது. “பாத்தீங்களா பெத்தா, மருந்து கண்ணாடிக்குப் போகுது.” அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அன்றைக்குத் தொடக்கத்திலிருந்து பழகினோம். மூடியைக் கழற்றியதும் வாயில் வைக்கிற துவாரத்துக்குள் ஒருதரம் பார்க்க வேண்டும். வெற்றிலைப் பெட்டிக்குள் மூடியில்லாமல் கிடந்த பம்பிலிருந்து பாக்குச் சீவல் விழுந்ததை நான் கண்டிருக்கிறேன். அடுத்தது நன்றாகக் குலுக்குவது. சல்பியூட்டமோல் பம்பில் மருந்து கரைந்து நிற்பதில்லை, தூளாக அடியில் தங்கும். குலுக்காமல் அடித்தால் ஓர் அடியில் மருந்து கூடும், மற்றதில் குறையும். புதுப் பம்பென்றாலும், கிழமைக் கணக்கில் கிடந்த பம்பென்றாலும் முதல் இரண்டு அடியைக் காற்றில் விட்டுவிடுவது நல்லது.

பிறகு மூச்சை இதமாக வெளியே விட வேண்டும், பம்புக்குள் அல்ல. அநேகர் தவறவிடுவது இதைத்தான். நிரம்பியிருக்கிற குடத்தில் மேலும் தண்ணீர் வார்க்க முடியுமா? நெஞ்சில் இடமிருந்தால்தானே மருந்து போகும். பம்பைப் பற்களுக்கு இடையே வைத்து, நாக்கைக் கீழே தாழ்த்தி, உதட்டை இறுக மூடி, மெதுவாக இழுக்கத் தொடங்கி, தொடங்கிய பிறகே ஒருமுறை அழுத்த வேண்டும். இழுப்பதை நிறுத்தக் கூடாது, நாலைந்து விநாடி தொடர வேண்டும். அவசரமாக இழுத்தால் மருந்து தொண்டை வளைவில் மோதி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். சரியாகச் செய்தாலும் நெஞ்சுக்குப் போய்ச் சேருவது பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோதான்.

கடைசியில் பம்பை எடுத்துவிட்டு, பத்து எண்ணும் வரை மூச்சை அடக்க வேண்டும். பெத்தாவுக்கு இது மட்டும் சொல்லிக்கொடுக்காமலே வந்தது. எங்கள் கந்தசாமி கோயிலில் பூசை செய்பவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் செய்வார். “பூசைக்கு நிக்கிற மாதிரி நில்லுங்க” என்றேன், நின்றார். அடுத்த அடி வேண்டுமென்றால் அரை நிமிடமாவது விட்டு, மறுகா குலுக்குவதிலிருந்து தொடங்க வேண்டும்.

இவ்வளவு பழகியும் அவருக்குச் சரிவரவில்லை. விரலில் வாதம். அழுத்துகிற நேரமும் இழுக்கிற நேரமும் ஒன்றுசேரவே இல்லை. அப்போதுதான் போத்தலுக்கு வந்தோம்.

ஸ்பேசர் என்று கடையில் விற்பது நடுவே பிடிக்கிற ஒரு வெற்றறைதான். மருந்து அதற்குள் நிற்கும், நாம் ஆறுதலாக இழுக்கலாம். 500 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் போத்தலை அதற்கேற்ப மாற்றினால், கடை ஸ்பேசருக்கு ஈடாக வேலை செய்கிறது என்று தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் சிறுவர்களிடம் சோதித்து 1999இல் எழுதியிருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும். முடியாதவர்களுக்கு இது சமாளிப்பு வேலை அல்ல.

போத்தலைக் கழுவிக் காயவைத்தேன். தடித்த கம்பியைப் பம்பின் வாயளவுக்கு வளைத்து, அடுப்பில் சூடாக்கி, போத்தலின் அடிப்பக்கத்தில் வைத்து அழுத்தினேன். பிளாஸ்டிக் உருகி, பம்பின் வாய் இறுக்கமாக நுழைகிற அளவுக்குத் துளை விழுந்தது. வளவின் கடைசி மூலையில் வைத்துத்தான் செய்தேன், அந்தப் புகையாலேயே முட்டு கிளம்பிவிடும். பம்பைக் குலுக்கி அடித்துளையில் செருகி, போத்தல் வாயை உதட்டால் மூடி, ஓர் அடி அடித்து, ஐந்தாறு தரம் சாதாரணமாக மூச்சை இழுத்து விட வேண்டும். ஒருதரத்துக்கு ஓர் அடிதான். இரண்டு அடியைச் சேர்த்து அடித்தால் துளிகள் ஒன்றோடொன்று மோதிச் சுவரில் ஒட்டும்.

போத்தலைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, துடைக்காமல் தானாகக் காயவிட வேண்டும். துவாயால் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி மருந்தைச் சுவருக்கு இழுத்துக்கொள்ளும். பெத்தாவுக்குத் துடைக்காமல் ஒன்றை வைப்பது பெரிய மனக்கஷ்டம்.

பெத்தாவுக்கு மண்ணிறப் பம்பும் ஒன்று உண்டு, அதன் கதை வேறு. நீலம் சில நிமிடங்களில் குழாயைத் தளர்த்தும், நாலைந்து மணி நேரத்தில் தேய்ந்துவிடும். மண்ணிறத்தில் இருக்கும் பெக்ளோமெத்தசோன் என்ற ஸ்டீராய்ட் குழாய்ச் சுவரின் வீக்கத்தை நாட்கணக்கில் குறைப்பது. முட்டு இல்லாத நாளிலும் தவறாமல் அடிக்க வேண்டும். (நிறம் கொம்பனிக்குக் கொம்பனி மாறலாம், பெயரை வாசிப்பதே பாதுகாப்பு.) ஸ்டீராய்ட் என்றதும் பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு: பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்ட் குளிசை ஒன்றில் 5 மில்லிகிராம், அதாவது 5000 மைக்கிரோகிராம். பம்பின் ஓர் அடியில் 100 மைக்கிரோகிராம் அளவுதான். வாய்க்குள் வெள்ளை படியாமலிருக்க, அடித்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். 200 அடி உள்ள பம்ப், காலை இரண்டு மாலை இரண்டு என்றால் 50 நாளுக்கு வரும். முடிந்த பிறகும் காற்று சீறும், அதை நம்பக் கூடாது. தொடங்கிய திகதியை அதன் மேலேயே எழுதிவைக்கிறோம்.

கிளினிக்கில் கப்சூல் தந்தால் முறை தலைகீழ். கருவிக்குள் போட்டு உடைத்து, பலமாகவும் வேகமாகவும் இழுக்க வேண்டும், ஏனென்றால் தூளைக் கிளப்புவது நம் மூச்சு மட்டுமே. பக்கத்து வீட்டு மாமா அதைத் தண்ணீரோடு விழுங்கிவந்தார். முட்டுக்குத் தருகிற தியோபிலின் குளிசையோ விழுங்குவதற்குரியது. 1888இல் கொசெல் என்ற ஜெர்மானியர் அதை முதலில் பிரித்தெடுத்தது தேயிலையிலிருந்து. அதற்காகத் தேத்தண்ணி குடித்தால் முட்டு ஆறாது, அதிலிருப்பது மிகச் சொற்பம். குளிசையின் அளவு சற்றுக் கூடினாலே வாந்தியும் நெஞ்சுப் படபடப்பும் வரும். வேறு மருந்து எழுதுகிற டொக்டரிடமும் இதைப் பாவிப்பதாகச் சொல்லவேண்டும்.

ஆஸ்பத்திரிப் புகையில் சல்பியூட்டமோலோடு சில வேளை இப்பிரட்ரோப்பியமும் சேரும். அதன் பூர்வீகம் ஊமத்தை. 1802இல் மதராஸிலிருந்து ஒரு ஜெனரல் ஊமத்தையைப் புகைக்கும் வழக்கத்தைப் பிரித்தானியாவுக்குக் கொண்டுபோனார். செடியிலுள்ள அத்ரோப்பினைத் திருத்தியெடுத்ததே இன்றைய மருந்து. வேலியோரத்து ஊமத்தையைத் தொட வேண்டாம், அது புத்தியைப் பிசகச் செய்யும், உயிரையும் எடுக்கும்.

முட்டு முற்றினால் நிமிர்ந்து இருத்தி, நீலப் பம்பைப் போத்தல் வழியாக ஓரோர் அடியாகப் பத்து வரை கொடுக்கலாம். அதற்கும் அடங்காவிட்டால், அல்லது ஒரு வசனத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியாவிட்டால், உதடு நீலம் பாய்ந்தால், காத்திராமல் 1990 அம்புலன்சுக்கு அடிக்க வேண்டும். நாமாகப் போவதென்றால், பகலில் களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரிக்குக் கிட்டிய வழி குருமண்வெளிப் பாதைதான், அதாவது வாவியைக் கடக்கும் மிதவை. ஆனால் அக்கரையில் நிற்கிற பாதைக்கு மூச்சு முட்டுகிறவர் காத்துநிற்க முடியாது. சுற்றென்றாலும் பட்டிருப்புப் பாலத்தால் போவதே உத்தமம். கிளினிக் கொப்பியையும் பாவிக்கிற பம்புகளையும் கையோடு எடுக்க வேண்டும். கடைசித் தடவை பெத்தா ஓட்டோவில் ஏறியபோது போத்தலை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார், கொப்பியை எடுக்க நான்தான் திரும்பி ஓடினேன்.