புன்னை நெய்யும் படகு எந்திரமும்

மன்னார் வளைகுடாக் கரையில் புன்னையை அறியாதார் இலர். உப்புக்காற்றைத் தாங்கி மணலில் வேரூன்றும் நெய்தல் மரம் அது. அதன் உருண்டைக் காயை உடைத்தால் கிடைக்கும் பச்சைப் பருப்பில் எண்ணெய் மிகக் குறைவு. வாரக்கணக்கில் உலர்த்திய பின்னரே பருப்பு பழுப்பேறி, விரலில் ஒட்டுமளவு நெய் கசியும். அந்நிலையில் அதன் எடையில் பாதிக்கு மேல் எண்ணெய்தான். கரும்பச்சை நிறமும் கடுமணமும் கொண்ட அது உண்ணத் தகாதது. விளக்கெரிக்கவும் படகுப் பலகையில் பூசவும் முன்னோர் அதனைக் கொண்டனர். அதே நெய் படகின் எந்திரத்தையும் ஓட்டுமா?

ஓட்டும். நாகை மாவட்டக் கடலோர உழவர் ஒருவர் புன்னை எண்ணெயால் நீரிறைக்கும் எந்திரத்தை இயக்கிக் காட்டியதுண்டு. 1900ஆம் ஆண்டின் பாரிசுப் பொருட்காட்சியிலேயே சிறிய டீசல் எந்திரம் ஒன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. தாவர எண்ணெய்களுக்கு எதிர்காலம் உண்டென்று ருடால்ப் டீசலே 1912இல் எடுத்துரைத்தார். பிற்காலத்தில் மலிவான கச்சா எண்ணெய் வழிப் பொருள்கள் பெருகவே, எந்திரத்தின் நுண்ணுறுப்புகள் யாவும் அந்த மெல்லிய எரிநெய்க்கு ஏற்ப அமைந்துவிட்டன.

இடர்ப்பாடு அங்கேதான் தொடங்குகிறது. 40 பாகை செல்சியசில் டீசலின் பாகுத்தன்மை நொடிக்கு 2 முதல் 4.5 சதுர மில்லிமீட்டர். தாவர எண்ணெய்கள் பலவற்றுக்கு அது 30 முதல் 40 வரை; பிழிந்த புன்னை நெய்க்கு இன்னும் மிகுதி. தெளிப்பி முனையின் மயிரிழைத் துளையில் டீசல் பனித்தூவலாய்ப் பிரியும். கெட்டி நெய்யோ பெருந்துளிகளாய் விழும். முழுதும் எரியாத துளி முனையில் கரியாய்ப் படிகிறது, உந்துதண்டின் வளையங்களை ஒட்டிக்கொள்ளச் செய்கிறது, கீழிறங்கி மசகெண்ணெயையும் திரளச் செய்கிறது. சில நாள் நன்றாக ஓடிய எந்திரம் சில மாதங்களில் முடங்குவதன் காரணம் இதுவே. கரையிலிருந்து பல கல் தொலைவில் படகு நின்றுபோவதன் பொருளைக் கடலோடிகள் அறிவர். ஆகவே பிழிந்த நெய்யை அப்படியே கலனில் ஊற்றச் சொல்லும் அறிவுரையை நான் ஏற்கமாட்டேன்.

வேதிமாற்றமே வழி. நூறு கிலோ எண்ணெயுடன் ஏறத்தாழ பதினொரு கிலோ மெத்தனாலும் சிறிதளவு காரமும் சேர்த்துச் சூடேற்றினால், ஏறத்தாழ நூறு கிலோ எஸ்டர், அதாவது உயிரி டீசல், மேலே தெளிந்து நிற்கும். கிளிசரால் அடியில் தங்கும். எஸ்டரின் பாகுத்தன்மை 4, 5 அளவுக்கு இறங்கிவிடும். புன்னைக்கு மட்டும் ஒரு படி கூடுதல். அதன் நெய்யில் கட்டற்ற கொழுப்பு அமிலம் மிகுதியாதலின், நேரே காரம் சேர்த்தால் கலன் முழுதும் சோப்பாகத் திரண்டுவிடும். முதலில் கந்தக அமிலத்தின் துணையால் அவ்வமிலத்தை எஸ்டராக்கி, அதன் பின்னரே காரத்தைச் சேர்த்தல் வேண்டும். எஸ்டரிலேயே ஆக்சிசன் இருப்பதால் கரும்புகை குறையும். நைட்ரசன் ஆக்சைடு சற்றே கூடலாம்.

1961க்குப் பின் முத்துக்குளிப்பு நடவாத பார்களையும், தேசியப் பூங்காவின் தீவுகளையும் தாங்கிய கடல் மன்னார் வளைகுடா. கசிந்தால் டீசலைவிட விரைந்து சிதையும் எரிபொருள் இக்கடலுக்கு மிகவும் ஏற்றது. எனினும் தூத்துக்குடித் துறைமுகத்தின் விசைப்படகுகள் அனைத்துக்கும் புன்னை போதாது. இறக்குமதிப் பாமாயிலை எரிப்பதோ, சமையலுக்கே எண்ணெய் வாங்கும் நாட்டுக்குத் தகாது. உணவகங்களில் பொரித்து மீந்த எண்ணெயைத் திரட்டுவதே முதற்பணி. 2018ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கையும் அதற்கு இடமளிக்கிறது. 2030க்குள் டீசலில் 5 விழுக்காடு உயிரி டீசல் கலப்பதே அக்கொள்கையின் இலக்கு. புன்னை நெய்யின் எஸ்டரைத் தூத்துக்குடியின் திரேஸ்புரத்து நாட்டுப்படகுகளான வல்லங்களின் சிறு எந்திரங்களில், குறைந்த விழுக்காட்டுக் கலவையாகத் தொடங்கலாம்.

தூத்துக்குடியின் வெம்மையில் எஸ்டர் உறையும் அச்சமில்லை. அதே வெம்மை அதை விரைந்து கெடுக்கும். எஸ்டர் ஈரத்தையும் ஈர்க்கும். நீர் தங்கிய கலனடியில் நுண்ணுயிர் பெருகி வடிகட்டியை அடைக்கும். பழைய இரப்பர்க் குழாய்களையும் எஸ்டர் ஊதச் செய்யும். எனவே குழாய்களை மாற்றி, நீர்பிரிக்கும் வடிகட்டி பொருத்த வேண்டும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடையில் கட்டிக்கிடக்கும் விசைப்படகுகளுக்கும் இக்கலவை வருமாயின், தடை தொடங்குமுன் கலனை வடித்துவிடல் வேண்டும்.