நாம் குடியேறிய நகரம்: பெங்களூருவின் வளமும் வாழ்க்கைத் தரமும்



சேலம், தருமபுரி, வேலூர், திருநெல்வேலி என ஏதோ ஓர் ஊரிலிருந்து பிழைப்பைத் தேடியோ, பிள்ளைகளின் படிப்பை எண்ணியோ பெங்களூருக்கு வந்து சேர்ந்தவர்கள் நம்மில் அநேகர். "அங்கே வாழ்க்கை எப்படி இருக்கிறது?" என்று ஊரிலுள்ள உறவினர் கேட்கும்போது நாம் என்ன பதில் சொல்கிறோம்? குளிர்ச்சியைச் சொல்கிறோம், சம்பளத்தைச் சொல்கிறோம், பின்பு தண்ணீரையும் போக்குவரத்தையும் சொல்லிப் பெருமூச்சு விடுகிறோம்.

மத்திய அரசு 2021 மார்ச்சில் வெளியிட்ட, வாழ்வதற்கு எளிதான நகரங்களின் பட்டியலில், பத்து லட்சத்திற்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களுள் பெங்களூருவே முதலிடம் பெற்றது. பொருளாதாரத் திறன் என்னும் பிரிவிலும் அதற்கே முதலிடம். ஆனால் வாழ்க்கைத் தரம் என்னும் பிரிவில் முதலிடம் பெற்ற நகரம் சென்னை! வருமானம் ஒன்று, வாழ்க்கைத் தரம் வேறொன்று என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமோ?

இயற்கை தந்த கொடை

கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் அமைந்திருப்பதே இந்நகரின் இதமான காற்றுக்குக் காரணம். 1537-ல் கெம்பேகவுடா மண்கோட்டை கட்டி நகரை நிறுவினார். 1760-ல் ஐதர் அலி தொடங்கிய லால்பாக் தோட்டம் இன்று 240 ஏக்கரில் பரந்துள்ளது. அங்குள்ள கண்ணாடி மாளிகை 1889-ல் எழுப்பப்பட்டது. அதே தோட்டத்தில் உள்ள பாறைக்குன்று ஏறக்குறைய 300 கோடி ஆண்டுகள் பழைமையானது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டுங்கள். 1870-ல் உருவான கப்பன் பூங்காவோ செலவின்றி ஒரு மாலைப்பொழுதைக் குடும்பமாகக் கழிக்க ஏற்ற இடம். சற்றுத் தொலைவு செல்ல விரும்பினால் பன்னேர்கட்டா உயிரியல் பூங்காவும் நந்தி மலையும் உண்டு.

நம்மவர் வந்த வழி

தமிழர் இந்நகருக்குப் புதியவர் அல்லர். 1809-ல் ஆங்கிலேயர் தண்டுப்பகுதியை அமைத்தபோது, சென்னை மாகாணப் படையோடு சிப்பாய்களும் கட்டடத் தொழிலாளரும் வணிகரும் வந்து அல்சூர், சிவாஜிநகர் பகுதிகளில் குடியேறினர். 1949-ல் தண்டுப்பகுதியும் பழைய நகரும் ஒரே மாநகராட்சியாக இணைந்தன. பின்னர், 2001-ல் கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்டபின் வேலையிழந்த குடும்பங்களுக்கும் இந்நகரே புகலிடமாயிற்று. இன்றும் அங்கிருந்து விடியற்காலை ரயிலேறி இங்கு வேலைக்கு வந்து திரும்புவோர் பலர்.

வேலையின் முகம் மாறியது

முந்தைய தலைமுறைக்கு வாழ்வளித்தவை பெரிய பொதுத்துறை ஆலைகள். 1940-ல் எச்.ஏ.எல்., 1948-ல் ஐ.டி.ஐ., 1953-ல் எச்.எம்.டி., 1954-ல் பி.இ.எல். என ஒன்றன்பின் ஒன்றாக அவை எழுந்தன. அங்கே வேலை என்றால் சம்பளம் மட்டுமன்று. குடியிருப்பு, மருத்துவமனை, பள்ளிக்கூடம் ஆகியவையும் சேர்ந்தே கிடைத்தன. 1985-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் இங்கு வந்தபின் மென்பொருள் காலம் பிறந்தது. சம்பளம் பன்மடங்கு உயர்ந்தது. ஆனால் வீடு, மருத்துவம், கல்வி அனைத்தையும் அவரவரே விலைகொடுத்து வாங்கவேண்டிய நிலையும் வந்தது. அந்த வளத்தைச் சுற்றி ஓட்டுநராகவும் காவலாளியாகவும் கட்டடத் தொழிலாளியாகவும் உழைப்போருக்கோ, விலைவாசி மட்டும் மென்பொருள் நகரத்தினுடையது, சம்பளம் அப்படியன்று.

தண்ணீர் என்னும் கேள்வி

மேட்டில் அமைந்த இந்நகருக்கு அருகே பெரிய ஆறு இல்லை. 1896-ல் ஹெசரகட்டாவிலிருந்தும், 1933 முதல் திப்பகொண்டனஹள்ளியிலிருந்தும் நீர் வந்தது. 1974 முதல் காவிரி நீர் வருகிறது. சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்திற்கு, மூன்று கட்டமாக இயந்திரங்களால் மேலேற்றப்பட்டே அது நம் குழாயை அடைகிறது. நம் ஊர் வயல்களுக்கும் நம் வீட்டுக் குழாய்க்கும் நீர் தருவது அதே காவிரிதான். 2018-ல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில் பெங்களூருவின் குடிநீருக்கென்று 4.75 டி.எம்.சி. கூடுதலாக ஒதுக்கப்பட்டது. அப்படியானால் இங்கே ஒரு குடம் நீரை வீணாக்குவது எவ்வளவு பெரிய தவறு!

2024 கோடையில் ஆயிரக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகள் வறண்டதை நாம் மறக்கலாகாது. குடிநீரால் வாகனம் கழுவினால் 5000 ரூபாய் அபராதம் என்று அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கப்பட்டு, மாநகரோடு சேர்க்கப்பட்ட 110 கிராமங்களுக்கென நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் நீர் கொண்டுவர வழி பிறந்தது.

சாலையில் கழியும் ஆயுள்

ஒரு பன்னாட்டு ஆய்வின்படி 2024-ல் இந்நகரில் 10 கிலோமீட்டர் கடக்கச் சராசரியாக 34 நிமிடங்கள் ஆயின. தினமும் 15 கிலோமீட்டர் சென்று திரும்பும் தகப்பன், பிள்ளைகளோடு இருக்கவேண்டிய ஒன்றே முக்கால் மணி நேரத்தைச் சாலையில் விட்டுவிடுகிறார். 2011-ல் தொடங்கிய மெட்ரோ ரயில், 2025 ஆகஸ்டில் எலக்ட்ரானிக் சிட்டி வழியாகப் பொம்மசந்திரா வரை நீண்டிருப்பது ஆறுதலான செய்தி.

நீங்கள் செய்யக்கூடியவை

வீடு பார்க்கும்போது வாடகையை மட்டும் கேளாதீர்கள். காவிரி இணைப்பு உண்டா, கோடையில் லாரித் தண்ணீருக்கு மாதம் எவ்வளவு ஆகும், வேலையிடத்திற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அக்கம்பக்கத்தாரிடம் விசாரியுங்கள். ஆயிரம் ரூபாய் குறைந்த வாடகை, தண்ணீரிலும் பயணத்திலும் இருமடங்காகச் செலவாகிவிடக்கூடும். லீசுக்குப் போவோர், வீட்டுச் சொந்தக்காரர் யார் என்று ஆவணம் கண்டு, ஒப்பந்தத்தைப் பதிவு செய்தபின்னரே பெருந்தொகையைக் கொடுங்கள். மனை வாங்குவோர் இ-கட்டாவைச் சரிபார்க்காமல் முன்பணம் தராதீர்கள்.

எல்லாவற்றிற்கும் மேலாக, கன்னடம் கற்றுக்கொள்ளுங்கள். 1991-லும் 2016-லும் காவிரிப் பிரச்சினையால் எழுந்த கலவரங்களின் வேதனையை நாம் அறிவோம். அதே நகரில்தான், பதினெட்டு ஆண்டுகள் மூடிக்கிடந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டில் அல்சூரில் திறக்கப்பட்டது. சில நாட்களில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை சென்னையில் திறக்கப்பட்டது. அண்டை வீட்டாரோடு அவர் மொழியில் பேசும் நான்கு வார்த்தைகள், எந்தச் சிலையையும்விட அருகில் நிற்கும் உறவு.

அடுத்த முறை ஊரிலிருந்து அந்தக் கேள்வி வரும்போது, சம்பளத்தை மட்டும் சொல்லாமல், மாலையில் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிப்பாருங்கள். அந்தப் பதில் உங்களுக்கே திருப்தியளிக்கிறதா என்று குடும்பமாக அமர்ந்து யோசியுங்கள்.