புதிய மின்சார வண்டிக் கம்பெனிகள் பழைய கம்பெனிகளுக்கு ஈடுகொடுக்குமா?



கடைக்கு ஒரு மின்சார ஸ்கூட்டரோ லோடு ஆட்டோவோ வாங்கலாமா என்ற பேச்சு இப்போது நம் கடைத்தெருவில் அடிக்கடி எழுகிறது. வாங்குவது என்று முடிவானதும் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது. புதிதாக வந்த கம்பெனி வண்டியா, நமக்குப் பல்லாண்டுகளாகத் தெரிந்த கம்பெனி வண்டியா? ஒரு லட்ச ரூபாயைத் தொட்டு நிற்கும் பொருள் இது. தவணையில் எடுத்தால் இரண்டு, மூன்று ஆண்டுகள் கட்ட வேண்டும். அதுவரை அந்தக் கம்பெனி இருக்குமா, உதிரிபாகம் கிடைக்குமா என்பது நம் கல்லாப்பெட்டியைத் தொடும் கேள்வி. ஆகவே சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

இந்தப் போட்டி எங்கோ அயல்நாட்டில் நடப்பதன்று. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே நடக்கிறது. 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட்டைக் கொண்டுவந்த டி.வி.எஸ். நிறுவனம் ஓசூரில் இருக்கிறது. அதன் மின்சார ஸ்கூட்டரான ஐ-கியூப் 2020-ல் விற்பனைக்கு வந்தது. அதே ஓசூரில் 2021-ல் தொழிற்சாலை திறந்தது ஏதர் நிறுவனம். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த இரண்டு இளைஞர்கள் 2013-ல் தொடங்கியது அது. அதே மாவட்டத்தின் போச்சம்பள்ளியில் பெரிய ஆலை அமைத்து, 2021 ஆகஸ்ட் 15-ல் ஸ்கூட்டரை அறிமுகம் செய்தது ஓலா. நமக்கு அடுத்த ராணிப்பேட்டையில் ஆம்பியர் ஸ்கூட்டர் தயாராகிறது.

கதவு திறந்தது எப்படி?

பெட்ரோல் வண்டித் தொழிலில் புதியவர் நுழைவது முன்பு எளிதாக இருக்கவில்லை. என்ஜின் செய்யும் வித்தை பழைய கம்பெனிகளின் கையில் இருந்தது. பிஸ்டன், கியர், கார்புரேட்டர் என்று அத்தனையும் பல ஆண்டு அனுபவத்தில் தேறியவை. மின்சார வண்டியில் அந்த என்ஜினே இல்லை. மோட்டார், பாட்டரி, இவற்றை ஆளும் மின்னணுச் சாதனம் ஆகிய மூன்றும்தான் பிரதானம். ஓடித் தேயும் பாகங்களும் குறைவு. பழையவர்களின் பெரிய பலம் இப்படி ஓரளவு பயனற்றுப் போனதால்தான் புதியவர்களுக்குக் கதவு திறந்தது.

அரசு மானியமும் கைகொடுத்தது. 2021 ஜூன் முதல் பாட்டரியின் ஒவ்வொரு கிலோவாட்-மணிக்கும் ரூ.15,000 மானியம் தரப்பட்டது. 2023 ஜூனில் அது ரூ.10,000 ஆயிற்று. 2024 ஏப்ரலில் வந்த புதிய திட்டத்தில் ரூ.5,000 ஆகக் குறைந்தது. மானியத்தை நம்பி விலை வைத்தவர்களுக்கு ஒவ்வொரு குறைப்பும் ஓர் அடிதான். போதாக்குறைக்கு, 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியது. மின்சார வண்டிக்கு 5 சதவீதம்தான் என்றாலும் முன்பிருந்த விலை அனுகூலம் சுருங்கிவிட்டது.

நாம் கண்ட சரக்குகளே சாட்சி

புதியவர் பழையவரை எதிர்த்து நிற்க முடியுமா என்றால், முடியும் என்பதற்கு நம் கடை அலமாரியே சாட்சி. சர்ஃப் தூள் கொடிகட்டிப் பறந்த காலத்தில், 1969-ல் அகமதாபாத்தில் தொடங்கிய நிர்மா குறைந்த விலையில் வந்து பெரும் சந்தையைப் பிடித்தது. கடலூரிலிருந்து வந்த சிக் ஷாம்பு சிறு பாக்கெட்டிலேயே பெரிய கம்பெனிகளுக்கு ஈடுகொடுத்தது. ஆனால் நிர்மாவுக்குப் பதிலாக லீவர் கம்பெனி வீல் தூளை இறக்கியதையும் நாம் பார்த்தோம். ஊர் தோறும் இருந்த விநியோகஸ்தர்கள் மூலம் அது நம் கடைகளை எட்டியது. பெரியவர் எழுந்திருக்கத் தாமதமானாலும், எழுந்துவிட்டால் ஆள்பலம், பணபலம் இரண்டோடும்தான் வருவார்.

பெரியவர் என்பதாலேயே பயமில்லை என்றும் நினைக்கக் கூடாது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் திறந்த நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. அங்கே வரி வழக்கு போன்ற வேறு சிக்கல்களும் இருந்தன. ஆயினும் கைப்பேசி என்ற பொருளே மாறியபோது அந்த மாற்றத்தோடு ஓடாததால்தான் உலகச் சந்தையில் நோக்கியா தன் இடத்தை இழந்தது.

ஸ்கூட்டர் சந்தையில் நடந்தது என்ன?

2021-22-ல் மின்சார ஸ்கூட்டர் விற்பனையில் முதலிடத்தில் இருந்தது ஹீரோ எலெக்ட்ரிக். (ஹீரோ மோட்டோகார்ப் வேறு, இது வேறு.) உள்நாட்டு உதிரிபாகங்களைப் பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையை மீறியதாகக் கூறி மத்திய அரசு அதன் மானியத்தை நிறுத்தியது. விற்பனை சரிந்தது. 2024 டிசம்பரில் அந்தக் கம்பெனி திவால் நடவடிக்கைக்குள் போயிற்று. முதலிடத்திலிருந்து அந்த நிலைக்கு மூன்றே ஆண்டுகள்!

அடுத்து ஓலா. 2024 ஏப்ரலில் நாட்டில் பதிவான மின்சார இருசக்கர வண்டிகளில் ஏறக்குறைய பாதி அதனுடையது. ஆனால் விற்ற வேகத்துக்குச் சர்வீஸ் ஈடுகொடுக்கவில்லை. ஆயிரக்கணக்கில் புகார்கள் குவிந்து, 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. 2024 டிசம்பரில் பஜாஜ் அதை முந்தியது. 2025-ம் ஆண்டு முழுவதற்குமான கணக்கில் டி.வி.எஸ். முதலிடம் பெற்றது.

பஜாஜும் டி.வி.எஸ்ஸும் முந்தியதற்குக் காரணம் அவர்கள் வண்டி மிக உயர்ந்தது என்பதன்று. பழக்கமான டீலர், பக்கத்து ஊரில் சர்வீஸ், பெட்ரோல் வண்டி லாபத்தில் மின்சார வண்டியைத் தாங்கும் சக்தி ஆகிய மூன்றும் அவர்களிடம் இருந்தன. 2024-25-ல் ஓலாவின் நட்டம் ரூ.2,200 கோடிக்கு மேல். ஏதரின் நட்டம் ரூ.800 கோடிக்கு மேல். அதே ஆண்டில் டி.வி.எஸ். ஈட்டிய லாபம் ரூ.2,500 கோடிக்கு மேல். கைம்முதல் கரையக் கரைய எத்தனை நாள் கடை நடத்தலாம் என்பது வியாபாரிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எனினும் புதியவர்கள் எல்லாரும் வீழ்ந்துவிடவில்லை. ஏதர் அவசரப்படாமல் ஊர் ஊராகக் கிளை விரித்தது. டீலர்களை வைத்து விற்றது. 2016-லேயே ஹீரோ மோட்டோகார்ப் அதில் பங்கு வாங்கியது. நட்டம் இருந்தும் இன்று அதற்கென ஓர் இடம் இருக்கிறது. வேறு சிலர் பெரியவர் கையில் சேர்ந்தார்கள். கோவையில் 2008-ல் தொடங்கிய ஆம்பியரை 2018-ல் கிரீவ்ஸ் காட்டன் எடுத்துக்கொண்டது. லோடு ஆட்டோ டீசல் என்ஜினுக்குப் பேர்போன கம்பெனி அது. 2001-ல் பெங்களூரிலிருந்து ரேவா மின்சாரக் காரைக் கொண்டுவந்த நிறுவனத்தை 2010-ல் மகிந்திரா வாங்கியது. இன்று மூன்று சக்கர மின்சார வண்டியில் மகிந்திரா முன்னணியில் இருக்கிறது. 2023-ல் இறங்கிய பஜாஜ் அதற்குக் கடும் போட்டி தருகிறது.

ஆக, புதியவர் ஈடுகொடுக்கலாம். நல்ல வண்டி செய்தால் மட்டும் போதாது. விற்றபின் கவனிக்கும் ஏற்பாடும் நட்டத்தைத் தாங்கும் முதலும் இருந்தால்தான் நிலைக்க முடியும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

ஒன்று: சர்வீஸ். திருத்தணியிலோ அரக்கோணத்திலோ சர்வீஸ் உண்டா என்று நேரில் போய்ப் பாருங்கள். சோளிங்கருக்கோ எல்லை தாண்டி நகரி, புத்தூருக்கோ சரக்கு போடுபவர் வழியில் வண்டி நின்றால் யாரைக் கூப்பிடுவது என்பதையும் கேட்டு வையுங்கள்.

இரண்டு: பாட்டரி. வண்டி விலையில் பெரும்பங்கு அதற்குத்தான். எத்தனை ஆண்டு, எத்தனை கிலோமீட்டர் உத்தரவாதம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். உத்தரவாதம் தந்தவர் கடையை மூடிவிட்டால் அந்த அட்டை வெறும் காகிதம்தான்.

மூன்று: பாரம். விளம்பரத்தில் சொல்லும் தூரம் ஓர் ஆள் சமதரையில் போவதற்கு. அரிசி மூட்டையோடு மலைப்பாதை ஏறினால் அவ்வளவு வராது. சரக்கை ஏற்றி ஓட்டிப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

நான்கு: சார்ஜ் போடும் இடம். 2022 மார்ச்சில் வேலூரில் சார்ஜில் இருந்த ஸ்கூட்டர் இரவில் தீப்பற்றித் தந்தையும் மகளும் இறந்தார்கள். அதன்பின் பாட்டரிப் பாதுகாப்பு விதிகள் 2022 டிசம்பர் முதல் கடுமையாக்கப்பட்டன. ஆனாலும் எண்ணெய் டின், கற்பூரம், கோணிச் சாக்கு இருக்கும் கிடங்கில் சார்ஜ் போடவே கூடாது.

ஐந்து: கணக்கு. நாளுக்கு 40 கிலோமீட்டர் ஓட்டம், பெட்ரோல் லிட்டர் ரூ.100, லிட்டருக்கு 45 கிலோமீட்டர் என்று வைத்தால் ஏறக்குறைய ரூ.89 ஆகும். மின்சார ஸ்கூட்டர் ஒரு யூனிட்டுக்கு 25 கிலோமீட்டர் ஓடி, யூனிட் விலை ரூ.10 என்றால் ரூ.16 ஆகும். 300 நாளுக்கு மிச்சம் சுமார் ரூ.22,000. நாளுக்கு ஐந்தாறு கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுபவருக்கு இந்த மிச்சம் சுமார் மூவாயிரம்தான். அவர் அவசரப்பட வேண்டியதில்லை.

நாம் ஒரு புதுச் சரக்கைக் கடையில் வைக்குமுன் ஏஜென்சிக்காரரிடம் என்ன கேட்கிறோம்? விற்காத சரக்கைத் திரும்ப எடுப்பீர்களா, அடுத்த மாதமும் வருவீர்களா என்றுதானே? அதே கேள்விகளை வண்டிக் கம்பெனியிடமும் கேட்போம். சரியான பதில் சொல்பவர் புதியவரானாலும் வாங்குவோம். சொல்லாதவர் பழையவரானாலும் அடுத்த கடைக்குப் போவோம்.