மட்டக்களப்புப் பறங்கியர் மொழி: ஒரு நோக்கு

மட்டக்களப்பு வாவிக்கரையின் மொழிநிலை பற்றி எழுதுவோர் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்ற மூன்றோடு அமைந்துவிடுகின்றனர். போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் தம் வீடுகளிற் பேசிவந்த கலப்புமொழி நான்காவதாக உண்டு. அதனைச் 'சிதைந்த போர்த்துக்கேயம்' எனத் தள்ளிவிடுதல் பொருந்துமா என்பதே ஈண்டு எழும் வினா.

போர்த்துக்கேயர் 1628இற் புளியந்தீவிற் கோட்டை அமைத்தனர். 1638இல், கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் துணையுடன் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். ஆட்சி மறைந்தும் மொழி மறையவில்லை. உள்ளூர்ப் பெண்களை மணந்தோரின் சந்ததியினரிடம் அது நிலைத்தது. ஒல்லாந்தரின் இல்லங்களிலும் புகுந்தது. ஆண்டோரின் மொழி காலப்போக்கில் உழைப்போரின் மொழியாயிற்று. மட்டக்களப்புப் பறங்கியருட் பலர் தச்சரும் கொல்லருமாவர். ஆங்கிலங் கற்ற ஒல்லாந்தப் பறங்கியர் இவர்களை 'மெக்கானிக்' என இகழ்ந்தமைக்கு அடிப்படை வர்க்க வேறுபாடே.

இம்மொழியின் சொற்கள் பெரிதும் போர்த்துக்கேயம். வாக்கிய அமைப்போ தமிழை ஒத்தது. 1970களில் இங்கு ஆய்வு நிகழ்த்திய இயன் சிமித் இதனை விரிவாகக் காட்டியுள்ளார். போர்த்துக்கேயத்திற் பெயருக்கு முன் வரும் 'பாரா' என்னுஞ் சொல், இங்கு 'ப' எனக் குறுகிப் பெயரின் பின்னே, நமது நான்காம் வேற்றுமை உருபு போல ஒட்டி நிற்கிறது. வினை வாக்கிய இறுதிக்கு நகர்ந்துள்ளது. எனினும் 'ஜா', 'தா', 'லோ' ஆகிய காலங்காட்டும் உருபுகள் வினைக்கு முன்னரே நிற்கின்றன. அனைத்தும் தமிழுக்கு இணங்கிவிடவில்லை என்பது நோக்கற்பாலது. சிதைவில் இத்தகைய ஒழுங்கு காணப்படுமா? கொடுக்கல் வாங்கலும் ஒருவழிப்பட்டதன்று. கதிரை, பாண், துவாய், சப்பாத்து என நாம் நாள்தோறும் வழங்குவன போர்த்துக்கேயம் தந்தவையே.

1956இன் அரசகருமமொழிச் சட்டத்தின்பின் பறங்கியர் பலர் அவுஸ்திரேலியாவுக்குப் பெயர்ந்தனர். அச்சட்டத்தால் தமிழருற்ற இடர் குறித்து நிறைய எழுதியுள்ளோம். ஆனால் வாவிக்கரையிற் பெரும்பான்மை மொழி தமிழே. பறங்கிச் சிறார் கற்பது தமிழில். மணவுறவும் தமிழருடன் மிகுந்துவருகிறது. வீட்டுமொழி ஒதுங்கியதில் எந்தச் சட்டத்திற்கும் வேலையிருக்கவில்லை. 2004 ஆழிப்பேரலை டச்பார்க் கரையிலிருந்த பறங்கிக் குடியிருப்பை அழித்தபோது அம்மொழி பேசிய பலரும் மாண்டனர். எஞ்சியோரின் பேச்சையும் பாட்டையும் லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் ஊகோ கார்டோசோ குழுவினர் அண்மையிற் பதிவு செய்துள்ளனர்.