சந்தேகப்படச் சம்பளம்!

நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு... கார் மோதலையும் பாலத்தின் அதிர்வையும் கணினித் திரையில் வர்ணஜாலமாகக் காட்டுகிறார்களே, அந்தப் படங்கள் பிறக்கும் ஃபைனைட் எலிமென்ட் ஆய்வுக்கூடத்துக்குள் எட்டிப் பார்ப்போமா? செருப்பைக் கழற்ற வேண்டாம், அப்படியே வாருங்கள்!

சுத்தியல் இல்லை, எண்ணெய்க் கறை இல்லை. காதில் விழுவதெல்லாம் ஒரே கேள்விதான்: “கன்வெர்ஜ் ஆச்சா?”

விஷயம் இதுதான். சிக்கலான ஒரு பொருளைக் கணினிக்குள் குட்டிக் குட்டித் துண்டுகளாக வெட்டுகிறார்கள். இதற்குப் பெயர் ‘மெஷ் போடுவது’. துண்டுக்குத் துண்டு எளிய சமன்பாடு. பிறகு லட்சக்கணக்கில் சேரும் அத்தனையையும் ஒரே மூச்சில் தீர்க்க வேண்டும். போயிங்கின் விமான இறக்கைக் கணக்குகளில் வளர்ந்த இந்த முறைக்கு 1960இல் ‘ஃபைனைட் எலிமென்ட்’ என்று பெயர் சூட்டியவர் பொறியாளர் ரே கிளஃப்.

இனிதான் கூத்து! வளைய வேண்டிய மெல்லிய உத்திரம் திரையில் வீம்பாக விறைத்து நிற்கும். அது ‘லாக்கிங்’. அதற்கு வைத்தியம் பார்த்தால், துண்டுகள் எதிர்ப்பே காட்டாமல் மணற்கடிகாரம் போலக் கோணிக்கொள்ளும். அது ‘அவர்கிளாஸ்’! கணித விதிகளைக் கொஞ்சம் மீறியும் கணக்குப் போடுவார்கள். இந்த மீறல்களுக்குக் கணித மேதை கில்பர்ட் ஸ்ட்ராங் வைத்த பெயர் ‘வேரியேஷனல் குற்றங்கள்’. எந்தக் குற்றத்தை மன்னிக்கலாம் என்று நிரூபித்தே முனைவர் பட்டம் வாங்கலாம், தெரியுமா!

இத்தனை சந்தேகம் எதற்கு? 1991 ஆகஸ்ட் 23. நார்வேயில், எண்ணெய்த் தளத்துக்காகக் கட்டிய ‘ஸ்லெய்ப்னர் ஏ’ என்ற பிரம்மாண்டக் கான்கிரீட் அடித்தளம் சோதனையின்போதே கடலில் மூழ்கியது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. கணினி மாதிரியில் மெஷ் சரியில்லாததால், சுவர்களின் வெட்டுத் தகைவு 47 சதவீதம் குறைவாகக் கணிக்கப்பட்டிருந்தது. உள்ளே கம்பி கட்டிய விதமும் போதவில்லை. பிறகு கவனமாகப் போட்ட கணக்கு, 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்றது. நிஜத்தில் உடைந்தது 65 மீட்டரில்! முறை பொய் சொல்லவில்லை. கேட்ட விதம்தான் தப்பு.

ஆகவே இங்கே விடை வந்தால் யாரும் கைதட்டுவதில்லை. மெஷ்ஷை இன்னும் பொடியாக்கி மறுபடி ஓடவிடுவார்கள். விடை நகராமல் நின்றால்தான் ‘கன்வெர்ஜ் ஆச்சு’ என்று அர்த்தம். அப்போதுதான் டீ!

ஆசை வந்துவிட்டதா? சிவில், மெக்கானிக்கல், ஏரோ, கணிதம், கணினி என எந்த வாசலிலும் நுழையலாம். சென்னை தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தார் ‘ஃபீஸ்ட்’ என்ற மென்பொருளைத் தாங்களே எழுதி வைத்திருக்கிறார்கள். துடிக்கும் இதயத்துக்கு மெஷ் போடுகிறவர்களும் உண்டு. நிரல் எழுதத் தெரிய வேண்டும், கணிதம் பிடிக்க வேண்டும், கூடவே தன் விடையைத் தானே நம்பாத குணமும் வேண்டும். வீட்டில் திட்டு வாங்கித் தரும் அந்தக் குணத்துக்கு இங்கே மாதச் சம்பளம்!